ஒன்பது டஜனும் நாலும்

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு.
கம்பெனி செலவில் இரண்டு பஸ்.
பெருந்துறை தாண்டி, நால்வழிச் சாலை ஓரம்
புதிதாய்த் திறந்த பூங்காவில்
ஆளுக்கொரு தக்காளிச் சோத்துப் பொட்டலத்தோடு
இறக்கிவிட்டார்கள்.

முழுக்க மரத்தாலேயே கட்டியிருந்தார்கள் அதை.
குறுக்கும் நெடுக்குமாய்ச் சட்டங்கள்,
யாரோ ஊருக்கே பந்தல் போடத் தொடங்கிக்
கூரையை மறந்துபோன மாதிரி.
"என்ன மரங் கண்ணு இது?" என்றாள் மரகதம்.
"பைனுங்க்கா" என்றான் கம்பி பூட்டும் பையன்.
"வேம்பா இருந்தா ஏறுவேன்" என்று சொல்லி
எல்லார் செருப்புக்கும் காவலாய் உட்கார்ந்துகொண்டாள்.

அதனால்தான் எனக்குச் சோடியில்லை.
அதனால்தான் பையன் வரிசையைப் பார்த்து
"ஒத்தை ஆளு ஆருங்க?" என்று கூப்பிட,
பின்னாலிருந்து வந்து உட்கார்ந்தார்
பவர் டேபிள் காண்ட்ராக்டர் நல்லசிவம்.

இரண்டு மடிக்கும் சேர்த்து ஒரே கம்பி.
அவர் தொப்பையில் வந்து நின்றது.
எனக்கும் கம்பிக்கும் நடுவில்
ஒரு குழந்தை உட்காரலாம்.

"பயமா இருக்குதா சாந்தாமணி?"
"இல்லீங்."
"எனக்குந்தான்."

சங்கிலி கொக்கி மாட்டி இழுத்தது.
டடக். டடக். டடக்.
கை சும்மா இருந்தாலும் வாய் எண்ணும் எனக்கு;
பதினாறு வருசம் கழுத்து ரிப் அடித்து
பன்னிரண்டுக்கு ஒரு கட்டுப் போட்ட வாய்.
ஒரு டஜன்.
மூன்று. எங்கள் பஸ் கூரைமேல் யாரோ காயப்போட்ட துண்டு.
ஐந்து. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள்,
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
ஏழு. சிப்காட் புகைபோக்கி என் மூக்குக்கு நேர்.
எட்டு. தெற்கே சென்னிமலை, எந்த அவசரமும் இல்லாமல்.

நல்லசிவத்தின் பேச்சு எப்போதோ நின்றிருந்தது.
அவர் டேபிள் பக்கம் வந்தால் எங்கள் பேச்சு நிற்குமே,
அப்படி.

ஒன்பது டஜன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

சங்கிலி விட்டுவிட்டது.
காற்று மட்டும்.
இரண்டு மாதமாய்த் தொண்டையில் கிடந்தது
அங்கே போய்த்தான் வெளியே வந்தது:
"நூத்திப் பன்னெண்டுங்க.
பீசுக்குப் பதினஞ்சு பைசா கொறச்சீங்கல்லொ,
இதுக்கே பதினாறு ரூவா எம்பது ஆச்சுங்."

அவர் என் பக்கம் திரும்ப,
பூமி கழன்றது.

வயிறு மேலேயே நின்றுகொள்ள
மிச்சமெல்லாம் கீழே போனோம்.
கம்பிக்கு எட்டாத இடுப்பு இருக்கையை விட்டு எழும்பியது.
வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன்;
எங்கள் வீதிக் குழிகளில் கட்டு ஏற்றிப் போகும்
லோடு ஆட்டோ போல முதுகெலும்பைத் தட்டியது.
வளைவில் மரம் அத்தனையும் ஒரு விரல்கடை அசைந்தது.
அசையாட்டித்தான் ஒடியுமுங்க என்று
பையன் முன்னமே சொல்லியிருந்தான்.

"யம்மோவ்!"
பெண்குரல் என்றே நினைத்தேன்.
என் மணிக்கட்டில் ஐந்து தடித்த விரல்கள்.
அடுத்த பள்ளத்திலும் விடவில்லை,
அதற்கடுத்ததிலும்.
நான் கத்தினேனா தெரியாது.
தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சு மட்டும்
பெருந்துறைக் காற்றில் எங்கோ போயிருக்கும்.

இறங்குகிற வழியில் திரையில் எங்கள் படம்.
பிரிண்ட் இருநூற்றைம்பது ரூபாய்.
கண்ணை இறுக்கி வாயைப் பிளந்து அவர்.
பக்கத்தில் ஒரு பொம்பளை, பல் அத்தனையும் தெரிய;
நான்தான் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.
"இதை அழிச்சுருப்பா."
"அடுத்த வண்டி வந்தா அதே போயிருமுங்க."
அவர் போய்விட்டார்.
அடுத்த வண்டி வரும்வரைக்கும்
நான் அங்கேயே நின்றேன்.

திரும்பும்போது, விஜயமங்கலம் தாண்டி,
முன்சீட்டிலிருந்து தலை மட்டும் திரும்பியது.
"சாந்தாமணி, நீ எண்ணுனது ஒம்பது டஜன்தானொ?"
"நாலும்ங்."
ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் அவர் செல்போன் வெளிச்சம்
பஸ் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது.

மரகதம் என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.
"ஆரு புள்ளே, இந்நேரத்துக்கு உனக்குப் பச்சை குத்துனது?"
அவர் மோதிரத்து வேல்.
சதையில் பதிந்து சிவந்திருந்தது,
முனை என் உள்ளங்கையைப் பார்த்து.